மோட்டாரும் மின்கலமும்: ஒரு பொருத்தம்



மதுரையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை அறியாதார் இலர். திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. நின்ற பேருந்தை ஓட்டுநர் எவ்வாறு எடுக்கிறார் என்பதைச் சற்றே கவனியுங்கள். முதற் கியரைப் போடுகிறார். எஞ்சின் விரைந்து சுழல்கிறது. வண்டியோ மெல்ல நகர்கிறது. வேகம் ஏற ஏற இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று மாற்றுகிறார். நிற்கும் வண்டியை நேரே நான்காம் கியரில் எடுத்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நின்றுவிடுவதும் ஒருவகையில் நன்மையே. செய்த பிழை அப்போதே புலனாகிவிடுகிறது.

இன்று அதே சாலையில் மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டர்கள் ஓசையின்றிக் கடந்து செல்கின்றன. அவற்றினுள் இருக்கும் மோட்டாரின் இயல்பு வேறு. தாங்க முடியாத சுமையைக் கொடுத்தாலும் அது திணறி நின்று நம்மை எச்சரிப்பதில்லை. வாய் பேசாமல் இழுக்க முயலும். இழுக்கும்போதே உள்ளே வெந்து போகும். புகை வெளிவந்த பிறகுதான் பிழை நமக்குத் தெரியும். இதனாலேயே மின்வண்டி செய்ய விரும்புவோர் வேலையைத் தொடங்குமுன் கணக்குப் பார்க்க வேண்டியவராகிறார்கள்.

உங்களுள் பலர், பழைய மிதிவண்டி ஒன்றில் மோட்டாரைப் பொருத்தி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவீர்கள். நல்ல ஆசை. மோட்டார், மின்கல அடுக்கு, கண்ட்ரோலர் எனப்படும் கட்டுப்படுத்தி ஆகிய மூன்றும் கடைகளில் தனித்தனியே கிடைக்கின்றன. கடைக்குச் சென்றதும் எழும் முதற் கேள்வி, “24 வோல்ட்டா, 36 வோல்ட்டா, 48 வோல்ட்டா?” என்பதுதான். உண்மையில் அது இறுதியிற் கேட்க வேண்டிய கேள்வி. முதலிற் கேட்க வேண்டியது சக்கரத்தைப் பற்றி. இது ஏன் என்று விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மின்சாரத்தால் இயக்கத்தை உண்டாக்கலாம் என்று 1821-இல் மைக்கேல் பாரடே காட்டினார். இயக்கத்தால் மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று 1831-இல் அவரே காட்டினார். 1838-இல் ஜேக்கபி என்ற அறிஞர், மின்கலங்களாலும் மோட்டாராலும் இயங்கும் படகொன்றை ரஷ்ய நாட்டின் நீவா ஆற்றில் ஓட்டினார். எனினும், மோட்டாரும் டைனமோவும் உண்மையில் ஒரே பொறிதான் என்பது உலகோர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டது 1873-இல் வியன்னாவில் நடந்த கண்காட்சியிலேதான். அங்கே கிராம் என்பவர் அமைத்த டைனமோ ஒன்றின் மின்சாரத்தை அதே வகையான இன்னொரு டைனமோவுக்குச் செலுத்தினார்கள். அந்த இரண்டாவது பொறி மோட்டாராகச் சுழலத் தொடங்கியது!

இந்த நிகழ்ச்சியில் நமக்கு வேண்டிய திறவுகோல் இருக்கிறது. சுழலும் மோட்டார் ஒவ்வொன்றும் அதே கணத்தில் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. அது தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, மின்கலம் தரும் அழுத்தத்தை எதிர்க்கிறது. இதனை எதிர் மின்னழுத்தம் என்று கூறுவோம். நம் பாண்டி நாட்டுக் கண்மாய்களைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். மேட்டுக் கண்மாயிலிருந்து பள்ளத்துக் கண்மாய்க்கு மடை வழியே நீர் பாய்கிறது. கீழ்க் கண்மாய் வற்றியிருக்கும்போது பாய்ச்சல் மிகுதி. அதன் நீர்மட்டம் ஏற ஏறப் பாய்ச்சல் தணிகிறது. இரு மட்டங்களும் ஏறத்தாழ ஒன்றானபின் சிறிதளவு நீரே கசிகிறது. மோட்டார் நிற்கும்போது எதிர் அழுத்தம் இல்லை. ஆகவே மின்னோட்டம் வெள்ளமாகப் பாய்கிறது. வேகம் ஏறும்போது எதிர் அழுத்தமும் ஏறி, மின்னோட்டம் குறைகிறது.

எண்களைக் கொண்டு பார்ப்போம். மாணவர்கள் பெரிதும் வாங்கும் சிறிய நேர்மின் மோட்டார் ஒன்றின் தகட்டில் 24 வோல்ட், 250 வாட், நிமிடத்துக்கு 2650 சுற்று என்று பொறித்திருக்கிறது. அதன் கம்பிச் சுருளின் மின்தடை கால் ஓம் என்று கொள்வோம். முழுச் சுமையில் அது ஏறத்தாழ 14 ஆம்பியர் ஏற்கும். 14 ஆம்பியரைக் கால் ஓமால் பெருக்கினால் மூன்றரை வோல்ட். அது சுருளிலேயே செலவாகிறது. எஞ்சிய இருபதரை வோல்ட்டே எதிர் மின்னழுத்தம். இருபதரை வோல்ட்டுக்கு 2650 சுற்று என்றால், ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 129 சுற்று. இந்த 129 என்ற எண் அந்த மோட்டாரின் பிறவிக் குணம். சுருளில் எத்தனை சுற்றுக் கம்பி உண்டு, காந்தம் எவ்வளவு வலியது என்பவற்றால் அது அமைகிறது. நாம் எந்த மின்கலத்தை இணைத்தாலும் அது மாறுவதில்லை.

அதே மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டு 24 வோல்ட்டை நேராக இணைத்தால் என்ன ஆகும்? எதிர் அழுத்தம் இல்லாமையால் 96 ஆம்பியர் பாயும். அப்போது சுருளில் உண்டாகும் வெப்பம் 2,300 வாட்டுக்குச் சற்று மேல். வீட்டில் சமைக்கும் மின்னடுப்பின் வெப்பத்தை உள்ளங்கையில் அடங்கும் சுருளொன்றில் வைத்ததற்கு இது ஒப்பாகும். மோட்டார் வெந்து போகும் என்று முன்னே சொன்னதன் பொருள் இதுவே.

இவற்றிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. மின்னழுத்தம் வேகத்தைத் தருகிறது. மின்னோட்டம் முறுக்குவிசையை, அதாவது திருகித் தள்ளும் வலிமையைத் தருகிறது. வண்டி ஏற்றத்தில் ஏறவில்லை என்று வோல்ட்டைக் கூட்டுபவரும், வேகம் போதவில்லை என்று பெரிய ஆம்பியர் அளவுள்ள மின்கலத்தை வாங்குபவரும் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டவர்களே.

நம் ஊர்களில் மோட்டார் என்றதும் நினைவுக்கு வருவது கிணற்றுப் பம்புசெட்டு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார், 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் உருவானது என்பர். அதன் பின் கோவை மோட்டார்கள் தமிழகத்துக் கிணறுகளையெல்லாம் சென்றடைந்தன. ஆனால் பம்புசெட்டில் கற்ற பாடம் மின்கல வண்டிக்கு அப்படியே பொருந்தாது. பம்புசெட்டு மாறுமின்னோட்டத்தில் ஓடுவது. அதன் வேகத்தை முதன்மையாக வரையறுப்பது விநாடிக்கு 50 என்ற அலைவெண். நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே சுழலும். வோல்ட் சிறிது ஏறி இறங்கினாலும் வேகம் பெரிதும் மாறாது. மின்கல வண்டியின் மோட்டாரிலோ வோல்ட் ஏறினால் வேகமும் உடன் ஏறும்.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். 26 அங்குல மிதிவண்டிச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் செல்லும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் நமக்குப் போதும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுழல வேண்டும். மோட்டாரோ 2650 முறை சுழல்கிறது. ஆகவே மோட்டார் 13 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றுமாறு பற்சக்கரங்களை அமைக்க வேண்டும். மாவரைக்கும் கிரைண்டரில் வேகமாகச் சுழலும் மோட்டார், மெல்லச் சுழலும் தொட்டியை வார்ப்பட்டையின் துணையால் ஓட்டுவதைக் கண்டிருப்பீர்கள். இங்கும் தத்துவம் அதுவே.

இக்கணக்கைப் பாராமல், மோட்டாரில் 11 பல்லும் சக்கரத்தில் 44 பல்லும் உள்ள பற்சக்கரங்களைச் சங்கிலியால் இணைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். விகிதம் நான்குதான். தாளிற் கணக்கிட்டால் வண்டி மணிக்கு 82 கிலோமீட்டர் ஓட வேண்டும்! அவ்வேகத்தில் காற்றைப் பிளந்து செல்ல 4,000 வாட்டுக்கு மேல் வேண்டும்; நம்மிடம் உள்ளதோ 250 வாட். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் எனில், சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கே ஏறத்தாழ 25 நியூட்டன் விசை தேவை. நான்கு என்ற விகிதத்தில், முழுச் சுமையிலும் மோட்டார் தருவது 11 நியூட்டன். குறையை ஈடுசெய்ய அது இருமடங்குக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். விகிதத்தைப் பதின்மூன்றாக்கினால் அதே மோட்டார், அதே மின்கலத்தைக் கொண்டு 36 நியூட்டன் விசை தருகிறது. கூடுதலாக ஒரு வாட் மின்சாரமும் வாங்கவில்லை. பற்களை எண்ணியதால் வந்த ஆதாயம் இது.

பதின்மூன்று என்ற விகிதத்தை ஒரே சங்கிலியால் பெறுவது கடினம். இரண்டு படிகளாகக் குறைக்கலாம். அல்லது பற்சக்கரப் பெட்டி உடன் அமைந்த மோட்டாரை வாங்கலாம். சக்கரத்தின் குடத்திலேயே அமையும் மோட்டார்களும் உண்டு. அவற்றுட் சிலவற்றில் உள்ளேயே பற்சக்கரங்கள் இருக்கும். வேறு சிலவற்றில் மெல்லிய கம்பியை மிகுதியான சுற்றுக்களாகச் சுற்றி, ஒரு வோல்ட்டுக்குச் சில சுற்றுக்களே சுழலுமாறு செய்திருப்பார்கள். அவ்வகை மோட்டாரைச் சக்கரத்தோடு நேராகவே இணைக்கலாம்.

இதற்குப் பழைய சான்று ஒன்றுண்டு. 1899-ஆம் ஆண்டு ஏப்ரலில் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜிய நாட்டவர், தோட்டா வடிவில் அமைந்த மின்கார் ஒன்றை ஓட்டி, சாலையில் ஓடும் வண்டிகளுள் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தார். அந்த வண்டியில் இரண்டு மோட்டார்கள் சக்கரங்களோடு நேராக இணைந்திருந்தன. ஒவ்வொன்றும் 200 வோல்ட்டில் 124 ஆம்பியர் இழுத்தது. வேகத்துக்கெனவே பிறந்த வண்டி அது. அதற்கேற்ப அழுத்தமும் உயர்ந்திருந்தது. நூறாண்டுக்குப் பின், 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா என்னும் சிறு மின்காரில் 6 வோல்ட் மின்கலங்கள் எட்டு இருந்தன. மொத்தம் 48 வோல்ட். நகர வீதியில் செல்வதற்கு அது போதுமாயிற்று. இரண்டிலும் இருந்தவை காரீய மின்கலங்களே. செல்ல வேண்டிய வேகம் வேறு. ஆகவே தேர்ந்த அழுத்தமும் வேறு.

இனி, இளைஞர் மனத்தைப் பெரிதும் இழுக்கும் ஆசையைப் பார்ப்போம். 24 வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்தால் என்ன? வண்டி விரைந்து ஓடும் என்பது மெய். பதின்மூன்று விகிதத்தில் நாம் அமைத்த அதே வண்டி, சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் ஓடும். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக வளர்வது. தேவைப்படும் விசை 25-லிருந்து 48 நியூட்டனாக உயரும். மின்னோட்டம் 14 ஆம்பியரைத் தாண்டி 18, 19 ஆம்பியராகும். சுருளின் வெப்பம், தகடு அனுமதித்ததைக் காட்டிலும் முக்கால் மடங்கு மிகும். முப்பது அடிக்கு ஓரடி உயரும் பாலத்தில் ஏறும்போது 24 வோல்ட் வண்டி 21 ஆம்பியர் ஏற்று வேகம் தணிந்து செல்லும். 36 வோல்ட் வண்டியோ 29 ஆம்பியர் ஏற்று விடாப்பிடியாக விரையும். சிறு பாலமாயின் இரண்டும் தப்பலாம். நெடிய ஏற்றமாயின் இரண்டாவது மோட்டார் முதலில் வேகும்.

வெப்பம் ஒன்றே தீங்கு அன்று. சுழலும் உறுப்பின் கம்பிகளை வெளியே இழுக்கும் மையவிலக்கு விசையும் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மின்னூட்டும் கரித்துண்டுகள் பொறி பறக்கத் தேயும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு: வேகம் ஒன்றரை மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். மிதிவண்டியின் பிரேக்கை அமைத்தவர் அதை எண்ணி அமைக்கவில்லை. மோட்டார் வெந்தால் இழப்பு பணம். பிரேக் பிடிக்காவிட்டால் இழப்பு அதனினும் பெரிது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்கு உட்பட்ட திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உடையதாய், ஏனைய நிபந்தனைகளையும் நிறைவு செய்து, உரிய சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற மின்கல வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மற்றொரு மின்கலத்தைத் தொடரில் சேர்த்த அளவிலேயே வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும்.

இதற்கு மாறாக, 48 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால்? வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பழுது ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கிய திறனில் பாதி வீண். பல கட்டுப்படுத்திகள் இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் வேலை செய்யவே மறுக்கும். குறைந்த வோல்ட்டில் அதே திறனைப் பெற வேண்டுமானால் மிகுந்த ஆம்பியர் வேண்டும். 1,000 வாட் பெறுவதற்கு 48 வோல்ட்டில் 21 ஆம்பியர் போதும். 24 வோல்ட்டில் 42 ஆம்பியர் வேண்டும். இணைப்புக் கம்பியில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு. பெரிய வண்டிகள் உயர்ந்த அழுத்தத்தை நாடுவது இதனாலேயே. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் தலைமேற் கம்பியில் இருந்தது 1,500 வோல்ட்.

மற்றொரு நுட்பத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 48 வோல்ட் என்பது மின்கல அடுக்கின் பெயரே தவிர, அதன் நிலையான அளவு அன்று. லித்தியம் மின்கலங்கள் 13-ஐத் தொடராக இணைத்து 48 வோல்ட் என்று விற்கிறார்கள். முழுவதும் மின்னேற்றினால் அது 54.6 வோல்ட், தீரும் தறுவாயில் 39 வோல்ட். இரும்பு பாஸ்பேட் வகையில் 16 கலங்கள் சேர்ந்தால் நிறைநிலை 58.4 வோல்ட். காலையில் விரைந்த வண்டி மாலையில் தளர்வதற்கு இதுவே காரணம். கட்டுப்படுத்தியை வாங்கும்போது பெயரளவைப் பார்த்தால் போதாது. நிறைநிலை அழுத்தத்தை அது தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

கட்டுப்படுத்தியின் வேலை என்ன? அது ஒரு மடையடைப்பான். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, மோட்டாருக்குச் செல்லும் சராசரி அழுத்தத்தைக் குறைக்கிறது. மின்னோட்டம் எல்லை மீறாமலும் காக்கிறது. பழைய டிராம் வண்டிகளில் இந்த வசதி இல்லை. புறப்படும்போது மோட்டார்களைத் தொடராக இணைத்து அழுத்தத்தைப் பங்கிட்டனர். வேகம் வந்தபின் பக்க இணைப்புக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் முழு அழுத்தத்தையும் தந்தனர். வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே. ஆனால் சாதாரணக் கட்டுப்படுத்தி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி, மின்கலத்தில் இல்லாத வோல்ட்டை உண்டாக்காது. ஆகவே வண்டியின் உச்ச வேகத்தை இறுதியில் வரையறுப்பது மின்கல அடுக்கே.

மோட்டாரின் தகடு தேய்ந்து எண் தெரியவில்லையா? பள்ளிச் சோதனைச் சாலையிலேயே அதை அறியலாம். மோட்டாரின் இரு முனைகளையும் வோல்ட்மீட்டரோடு இணையுங்கள். அதன் தண்டை வேறொரு மோட்டாரால் அல்லது தலைகீழாக நிறுத்திய மிதிவண்டிச் சக்கரத்தால் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஏறக்குறைய ஏழே முக்கால் வோல்ட் காட்டினால், ஒரு வோல்ட்டுக்கு 129 சுற்று என்ற நம் மோட்டார்தான் அது. வியன்னாவில் 1873-இல் உலகம் கண்ட உண்மையை உங்கள் மேசைமேலேயே காண்பீர்கள்.

வைகையின் உடைப்பை அடைக்கக் குடிக்கு இவ்வளவு கரை என்று பாண்டியன் அளந்து கொடுத்ததாகத் திருவிளையாடற் கதை கூறும். அதனை நினைவூட்டும் புட்டுத் திருவிழா ஆண்டுதோறும் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் நடைபெறுகிறது. முதிய வந்திக்கு அவள் வலிமைக்கு மிஞ்சிய பங்கு விழுந்தது. அவளுக்காக மண் சுமக்க இறைவனே வந்தான். நம் மோட்டாருக்கு வலிமைக்கு மிஞ்சிய பங்கைக் கொடுத்தால் அதற்காக மண் சுமக்க வருவார் எவரும் இலர். தகட்டில் உள்ள எண்களே அதற்கு அளந்து கொடுத்த பங்கு.

ஆகவே, மாணவ நண்பர்களே, மின்வண்டி செய்யப் புகும்போது கேள்விகளை வரிசைப்படி கேளுங்கள். எவ்வளவு வேகம் வேண்டும்? அவ்வேகத்தில் சக்கரம் எத்தனை முறை சுழலும்? எவ்வளவு சுமை, எத்தகைய ஏற்றம்? அதற்கு எத்தனை வாட்? மோட்டாரின் சுற்றுக்கும் சக்கரத்தின் சுற்றுக்கும் என்ன விகிதம்? பிரேக் அவ்வேகத்தைத் தாங்குமா? இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின், “எத்தனை வோல்ட்?” என்று கேளுங்கள். அப்போது அந்த விடை கடைக்காரரிடம் இராது. உங்கள் கணக்கேட்டிலேயே இருக்கும். பெரிய வோல்ட் வாங்க முடிந்ததே என்று மகிழ்வதைக் காட்டிலும், வேண்டிய வோல்ட் இதுதான் என்று தெரிந்து வாங்குவதே பொறியியல் கற்பவர்க்கு அழகு.